பேர் சொல்லாத துஆ

பொத்துவில் ரோட்டுக்கு ராசா என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்ட என் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மையத்துகளை அடக்கும் மையவாடியைக் கடக்கும்போது பஸ்ஸின் வேகத்தைக் குறைப்பீர்கள். உள்ளே கிடப்பவர்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் மறுபடி கியர் மாற்றுவீர்கள். இப்போது நீங்களும் அங்கேதான், இன்றைக்கு அந்த ஸலாம் உங்களுக்கு. அவர்கள் பதில் சொல்வார்கள் என்று நீங்கள் அடித்துச் சொல்வீர்கள். நான் விஞ்ஞானம் படித்தவள், இருந்தும் கொஞ்ச நேரம் காது கொடுத்துத்தான் பார்க்கிறேன்.

முதலில் ஊர்ப் புதினம், ஊர்ச் செய்தி. கல்முனையிலிருந்து பொத்துவிலுக்கு இப்போது கார்பட் ரோட். பள்ளம் தேடினாலும் கிடைக்காது. பஸ்காரர்கள் பறக்கிறார்கள். நீங்கள் இருந்தால், "பறக்கிறதெண்டா பிளேன ஓட்டு, ஏன்டா பஸ்ஸ ஓட்டுறாய்" என்று தலையை வெளியே நீட்டி ஏசியிருப்பீர்கள். என் கூடப்பிறந்த ராத்தா தன் மூத்த மகளுக்கு வீடு கட்டத் தொடங்கிவிட்டா. நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே. கூரை போட முதல் மாப்பிள்ளை பேசிவிடுவார்கள் என்று நீங்கள் பகிடி பண்ணுவது போலவே நடக்கிறது.

இனி என் புதினம். நான் இருப்பது ஒரு குளிர் நாட்டில், ஒரு ஆய்வுகூடத்தில். உங்களுக்கு வந்த மறதி நோய்க்கு மருந்தாகலாம் என்று நம்பப்படும் பொருட்களை இங்கே சோதிக்கிறோம். "அப்ப மருந்து கண்டு புடிச்சிட்டியா மகள்?" என்று கேட்பீர்கள். இல்லை வாப்பா. நீங்கள் மறந்ததைத் திருப்பித் தருகிற மருந்து இன்னும் ஆரிடமும் இல்லை. ஆனால் இந்தக் கிழமை நான் ஒன்றைக் கண்டேன். உங்களுக்குச் சொல்லாமல் அதை வேறு ஆருக்குச் சொல்ல?

மூளையில் கோடிக்கணக்கான உயிர்க்கலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சுவர். கல்லால் ஆனதல்ல, கொழுப்பால் ஆனது. கறி ஆணத்தின் மேல் எண்ணெய் மிதக்குமே, அந்தப் படலத்தைவிட எத்தனையோ மடங்கு மெல்லியது, அதிலும் இரண்டு அடுக்கு. பள்ளிக்கூடத்தில் கலமென்சவ்வு என்று படம் கீறிப் படித்தோம். அதற்குள்ளே புரதங்கள் செருகியிருக்கின்றன. சில புரதங்கள் கதவுகள். உங்கள் பஸ்ஸின் ஹோர்ன் சத்தமும் உம்மாவின் முகமும் நாளைக்கு என்ன கிழமை என்பதும் இந்தக் கதவுகள் திறந்து மூடுவதில்தான் ஓடுகின்றன. மூளையில் நெல்லில் பாதியளவு இடத்துக்குள்ளேயே எண்ண முடியாத கதவுகளை வைத்தவனைப் புகழாமல் இருக்க முடியாது.

அதே சுவருக்குள் ஒரு கத்தரியும் இருக்கிறது. அதுவும் ஒரு புரதம்தான். இன்னொரு நீளமான புரதத்தை நறுக்குவது அதன் வேலை. நறுக்குகிற இடம் பிசகினால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கலங்களுக்கிடையில் கட்டி கட்டியாய்ப் படியும். உங்களுக்கும் அப்படித்தான் படிந்திருக்கும். மருந்து செய்கிற சிலர் அந்தக் கத்தரியைத்தான் குறி வைக்கிறார்கள். நறுக்கு, ஆனால் கொஞ்சம் தள்ளி நறுக்கு என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கப் பார்க்கிறார்கள்.

எங்கள் கேள்வி வேறு. கத்தரி இருப்பது கொழுப்புச் சுவருக்குள். அங்கே போகிற மருந்தும் கொழுப்பில் கரைகிற சாதி. அப்படியென்றால் அது கத்தரியை மட்டுமா தொடும்? சுவரையே இளக்கிவிடாதா? சுவர் இளகினால் அதிலே இருக்கிற மற்றக் கதவுகளெல்லாம் என்ன ஆகும்?

இதைப் பார்க்க, அந்தச் சுவரைப் போல நாங்களே செய்த ஒரு கொழுப்புப் படலத்தில் எங்களிடம் ஒரு சின்னப் புரதம் இருக்கிறது. அது இரண்டு பாதியாக இருக்கும். ஒரு பாதி சுவரின் மேலடுக்கில் மிதக்கும், மறு பாதி கீழடுக்கில் மிதக்கும். இரண்டும் தன்பாட்டில் அலையும். ஒன்றுக்கு நேரே ஒன்று வந்து கைகோர்த்தால்தான் ஒரு வழி திறக்கும், துளி மின்சாரம் ஓடும். கை விட்டால் மூடிவிடும். அவை சேரும்போது திரையில் ஒரு கோடு படி ஏறும், பிரியும்போது இறங்கும். எந்தக் கண்ணாலும் காண முடியாத ஒரு சோடி சேர்வதையும் பிரிவதையும் நான் கதிரையில் இருந்துகொண்டு பார்க்கிறேன் வாப்பா. இத்தனை வருசமாகியும் அது எனக்குப் பழகவில்லை.

இந்தக் கிழமை அந்தப் படலத்தில் ஒரு மருந்தைச் சொட்டு விட்டேன். அதற்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை, வெறும் இலக்கம்தான். கோடு ஏறியது. வழக்கமாக இறங்குகிற நேரம் போனது, இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்துத்தான் இறங்கியது. அடுத்த சோடியும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. மருந்து செய்தது கத்தரிக்காக. இந்தச் சோடிக்கும் கத்தரிக்கும் ஒரு சொந்தமும் இல்லை. மருந்து சுவருக்குள் இறங்கி அதை இளக்கியிருக்கிறது. இளகிய சுவரில் அந்த இரண்டு பாதிகளும் கையை விடாமல் கூடுதல் நேரம் இருக்கின்றன. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைக்காரி நான் தும்மினேன் என்று நினைத்துக் காகிதத் துவாலையை நீட்டினாள்.

இது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஒரு கதவுக்கென்று போட்டது சுவரில் இறங்கி எல்லாக் கதவையும் தொடுகிறது, அதுதான் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ராத்தா சொன்ன பொய் ஞாபகம் வந்தது. அந்தக் கதை உங்களைச் சுற்றித்தான் நடந்தது. ஊரெல்லாம் அறிந்தது, நீங்கள் மட்டும் அறியவில்லை. ஆகையால் கேளுங்கள்.

சுனாமியாய்க் கடல் வந்த காலையில் உம்மா கிணற்றடியில் நின்றா. பின்னேரம்தான் கண்டெடுத்தோம். ஊரில் குழி வெட்ட ஆள் போதாத நாள் அது. கபுறுக்குள் இறங்கி உம்மாவை வைத்தவரும் நீங்கள், மண் போட்டவரும் நீங்கள். இரண்டு கையிலும் சேறு காய்ந்து வெடித்திருக்க, ராத்தா வந்து தண்ணீர் ஊற்றும்வரை கழுவாமல் நின்றீர்கள்.

உங்கள் மறதி அதற்கு முதலே தொடங்கியிருக்க வேண்டும். நாங்கள்தான் வயசு என்று விட்டுவிட்டோம். கடலோரத்து வீடு போய், உள்ளே தள்ளிக் கட்டிக்கொடுத்த வீட்டில் ராத்தாவோடும் அவ புருசன் மச்சானோடும் இருக்கும்போதுதான் அது வெளியே வந்தது. ஒரு நாள் சோற்றுக்கு உட்கார்ந்து, "உங்கட உம்மா எங்க?" என்று கேட்டீர்கள். ராத்தா உண்மையைச் சொன்னா. தலையில் அடித்துக்கொண்டு அழுதீர்கள். அசர் தொழுதுவிட்டு வந்து மறுபடி கேட்டீர்கள். மறுபடி சொன்னா. அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிற மனிதரைப் போல மறுபடி அதே அழுகை. நாட்கள் இப்படியே போயின.

நான் அப்போது கண்டிப் பக்கம் கெம்பஸில் படித்துக்கொண்டிருந்தேன். லீவில் வந்தபோது ராத்தா சொன்னா: "ஒரு மனிசனுக்கு ஒரு மௌத்த எத்தின தரம்டி செல்ற? என்னால ஏலா." அன்றைக்கு நீங்கள் கேட்டதும் அவ மூச்சு விடாமல் ஒரு கதை சொன்னா. "உம்மா பொத்துவில்ல வாப்பா, பெரியும்மாட ஊட்ட. பாதை பூட்டிக் கிடக்கு, அதான் வரேலாம இரிக்கா."

நீங்கள் உடனே அடங்கினீர்கள். "ஓம், பாதை பூட்டெண்டா பஸ் வராதுதான்" என்று சோற்றைப் பிசைந்தீர்கள். வேறு ஆரிடமும் அந்தப் பொய் எடுபட்டிருக்காது. சண்டைக் காலம் முழுக்கப் பாதை பூட்டுவதும் திறப்பதுமாகப் பஸ் ஓட்டி, பூட்டின அன்றைக்கு ஓரங்கட்டிவிட்டுப் பொறுத்திருந்து பழகிய மனிதரிடம்தான் அது எடுபட்டது.

ஆனால் பொய் அந்த ஒரு கேள்வியோடு நிற்கவில்லை. வீட்டில் உம்மாவின் பேச்சையே எடுக்க முடியாமல் போனது. வருகிறவர்களைக் கடப்படியிலேயே மறித்து, இன்னது கதைக்க வேண்டாம் என்று சொல்லி உள்ளே விட்டோம். உம்மாவின் கூடப்பிறந்த பெரியும்மா நம் வாசலை மிதிக்கவே முடியவில்லை. பொத்துவிலிலிருந்து அவ வந்தால் பாதை திறந்திருக்கிறது என்றல்லவா ஆகும். "தங்கச்சியும் இல்ல, தங்கச்சிட புள்ளையளும் இல்ல எண்டு ஆக்கிட்டீங்க" என்று போனில் அழுதா.

அப்புறம் உம்மா மௌத்தாகி வருசம் திரும்பி, அவ பேரில் ஓதிச் சாப்பாடு கொடுக்கிற வருசக் கத்தம் வந்தது. நீங்கள் இருக்கிற வீட்டில் ஓத முடியாது. ராத்தா யோசித்து, அரிசியையும் ஆட்டையும் பக்கத்து வீட்டு மீராசாகிபு காக்காவிடம் அனுப்பினா. அங்கே சமைப்பது, அங்கேயே ஓதுவது என்று ஏற்பாடு. எல்லாவற்றையும் யோசித்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். ஒரு வீட்டில் கத்தமென்றால் முதல் அழைப்பு அடுத்த வீட்டுக்கு. மீராசாகிபு காக்கா பழக்க தோசத்தில் தொப்பியைப் போட்டுக்கொண்டு நேரே வந்து, "நம்மட ஊட்ட இண்டைக்குக் கத்தம், வந்திருங்க" என்று உங்களையே கூப்பிட்டுவிட்டுப் போனார். பாதி வழியில்தான் மனிதருக்கு விளங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கூப்பிட்ட கத்தத்துக்குப் போகாமல் விடுகிறவரா நீங்கள்? போனீர்கள். பெண்கள் நாங்கள் அடுப்படியில் இருந்தோம், நடுவில் ஒரு சீலை மறைப்பு. பள்ளிவாசல் லெப்பை ஓதி முடித்துத் துஆவுக்குக் கையேந்தினார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவருக்கு முதலே சொல்லி வைத்திருந்தோம். மௌத்தானவர்களுக்கு என்று பொதுவாகக் கேட்கத் தொடங்கினார்.

"லெப்பை, பேரச் செல்லி ஓதுங்க." உங்கள் குரல். "பேர் செல்லாம ஆருக்குப் போய்ச் சேரும்?"

அடுப்படியில் ராத்தாவின் கையிலிருந்து அகப்பை விழுந்தது. லெப்பை ஒரு மாதிரிச் சமாளித்தார். "பேர் செல்லாட்டியும் அல்லாஹ்வுக்கு விளங்கும் காக்கா."

"அவனுக்கு விளங்கும். ஆமீன் செல்ற நமக்கு விளங்க வேணாமா?" என்றீர்கள். பிறகு நீங்களே, "சரி, ஆரெண்டாலும் பாவம். ஓதுங்க" என்று விட்டுக்கொடுத்தீர்கள். அந்தச் சபையில் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமீன் சொன்னவர் நீங்கள்தான். பிறகு மற்றவர்களோடு ஒரே சகன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிட்டுவிட்டு, "நல்ல கத்தம்" என்று கை கழுவினீர்கள்.

ராத்தா அடுப்படி மூலையில் இருந்து அழுதா. "ஹயாத்தோட இரிக்கா எண்டு நினைக்கிற மனிசன் மௌத்தானவக்கு எப்புடித் துஆ கேப்பாரு? உம்மாக்கு வாப்பாட துஆவ இல்லாம ஆக்கிட்டனே." அதுதான் எங்களை அரித்தது வாப்பா. உண்மையைச் சொன்னால் நீங்கள் ஒவ்வொரு நாளும் நொறுங்குவீர்கள். சொல்லாவிட்டால் உம்மா அங்கே புருசனின் துஆ இல்லாமல் கிடப்பா. எந்தப் பக்கம் கிறுகுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அதற்குள் யுத்தம் முடிந்தது. ரோட்டெல்லாம் வெடி கொளுத்தினார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். நீங்கள் தேத்தண்ணிக் கடையில் ஒரே ஒரு செய்தியைத்தான் எடுத்துக்கொண்டு வந்தீர்கள். "பாதையெல்லாம் துறந்தாச்சாம்." குளித்து, வெள்ளைச் சேர்ட்டும் புதுச் சாரனும் உடுத்து, அத்தர் பூசி, வாசல் கதிரையில் வந்து இருந்தீர்கள். "வாங்க, உம்மாவக் கூட்டி வருவம்."

மறந்துவிடுவீர்கள் என்று நினைத்தோம். காலையில் சாப்பிட்டதைப் பகலில் மறக்கிற நீங்கள் இதை மட்டும் மறக்கவில்லை. அடுத்த நாளும் அதே சேர்ட், அதே கதிரை. அதற்கடுத்த நாளும். ராத்தாவிடம் பொய் தீர்ந்துபோனது. நான் ஊருக்கு வந்து சேர்ந்ததும் மச்சான் ஒரு வேனைப் பேசினார். ராத்தா பெரியும்மாவுக்குப் போன் பண்ணி, உம்மா மட்டக்களப்புக்குக் கலியாண வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொல்லும்படி கெஞ்சினா. "நீங்க வாங்க. என்ன செல்லோணுமோ அத நான் செல்றன்" என்று பெரியும்மா போனை வைத்துவிட்டா.

மச்சான்தான் ஓட்டினார், வேனில் முன்சீற் உங்களுக்கு. அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி. வளைவு வரும் முன்பே, "இதுல கிறுகும், மெதுவா" என்று மச்சானுக்குச் சொன்னீர்கள். உங்கள் கால் வெறுந்தரையில் பிரேக்கை மிதித்தது. என் பெயரை இரண்டு தரம் மாற்றிக் கூப்பிட்ட மனிதருக்கு அந்த ரோட்டில் ஒரு மரம்கூடத் தவறவில்லை. பின்னால் ராத்தா என் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டு ஸலவாத்து ஓதிக்கொண்டே வந்தா.

பெரியும்மா கடப்படிக்கு வந்து நின்றா. நீங்கள் இறங்கி, சேர்ட்டை இழுத்துவிட்டு, மாப்பிள்ளை போல நின்றீர்கள். "பாதை துறந்தாச்சி மச்சி. கூட்டிப் போக வந்தன்."

"உள்ளுக்கு வாங்க மச்சான். தண்ணி குடிங்க." குடித்து முடிக்கும்வரை பெரியும்மா பக்கத்திலேயே நின்றா. பிறகு முன்னால் வந்து இருந்தா. "அவ இஞ்ச இல்ல மச்சான். இஞ்ச வரவும் இல்ல. அவ மௌத்து. கடல் வந்த அண்டைக்கு மௌத்து. நீங்கதான் கபுறுக்குள்ள இறங்கி வெச்சீங்க, நீங்கதான் மண் போட்டீங்க."

ராத்தா கண்ணை மூடிக்கொண்டா. தலையில் அடிக்கப் போகிறீர்கள் என்று நான் எழுந்து நின்றேன். நீங்கள் உங்கள் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"நானா மண் போட்டன்?"

"ஓம் மச்சான். உங்கட கையால."

"இன்னா லில்லாஹி" என்றீர்கள். கண்ணீர் வந்தது. ஆனால் அது பழைய அழுகை இல்லை. "அப்ப அவ பாத்துக்கிட்டு இரிக்கல்ல" என்றீர்கள். "நான் வரல்ல, நான் வரல்ல எண்டு இவ்வளவு காலமும் இஞ்ச பாத்துக்கிட்டு இருந்திருப்பா எண்டு நினைச்சன்." நாங்கள் உங்களுக்குக் கொடுத்த நிம்மதிக்குள் இப்படி ஒரு முள் கிடந்தது எங்களுக்குத் தெரியாது வாப்பா. பாதை பூட்டிய காலம் முழுக்க அது உங்களைக் குத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

அப்புறம் நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "அண்டைக்குப் பேர் செல்லாம ஓதினாங்களே, பக்கத்து ஊட்ட. அது இவக்கா?"

அந்தக் கத்தம் நடந்து எவ்வளவோ காலம். அதற்குப் பிறகு எத்தனை நாட்கள் உங்களிலிருந்து அப்படியே கழுவப்பட்டுப் போயின. இது மட்டும் எங்கே ஒதுங்கிக் கிடந்தது? ராத்தாதான் வாய் திறந்தா. "ஓம் வாப்பா. உம்மாக்குத்தான்."

"பேரச் செல்லியிருக்கலாமே" என்றீர்கள், ஏசாமல், மெதுவாக. பிறகு கையேந்தினீர்கள். சுபைதா என்று உம்மாவின் பெயரைச் சொன்னீர்கள். நீளமாகக் கேட்டீர்கள், நடுவில் ஓரிடமும் தடுக்கவில்லை. பெரியும்மாவும் ராத்தாவும் நானும் ஆமீன் சொன்னோம்.

திரும்பி வரும்போது கோமாரி தாண்ட முதல் தூங்கிவிட்டீர்கள். அக்கரைப்பற்றில் விழித்து, "எங்க போய் வாறம் மகள்?" என்று கேட்டீர்கள். பொத்துவிலுக்கு என்றேன். "நல்லம். பாதை எப்புடி?" என்றீர்கள். எல்லாம் போய்விட்டது.

பிறகும் எப்போதாவது உம்மாவைக் கேட்பீர்கள். ராத்தா இப்போது பெரியும்மா சொன்னது போலவே சொல்லுவா: "மௌத்து வாப்பா. நீங்கதான் மண் போட்டீங்க." கையைத் திருப்பிப் பார்ப்பீர்கள், அடங்குவீர்கள். பெரியும்மாவும் வந்து போகத் தொடங்கினா. வரவரக் கேட்பதும் நின்றது. உம்மாவின் பெயரும் போய்விட்டது.

உங்கள் கடைசி மாதங்களில் ஒரு நாள் அசர் தொழுகைக்குப் பிறகு நான் பக்கத்தில் இருந்தேன். வழக்கமான துஆவெல்லாம் கேட்டு முடித்துவிட்டீர்கள். கையை மட்டும் இறக்கவில்லை. "இன்னும் என்ன வாப்பா கேக்கிறீங்க?" என்றேன்.

"தெரியா மகள். ஆருக்கோ கேக்கோணும் எண்டு இரிக்கி. பேர் வருதில்ல."

எனக்கு லெப்பை ஞாபகம் வந்தார். "பேர் செல்லாட்டியும் அல்லாஹ்வுக்கு விளங்கும் வாப்பா" என்றேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். உங்கள் கை அப்படியே ஏந்தியபடி இருந்தது. நான் ஆமீன் சொன்னேன்.

முகம் போன பிறகு, பெயர் போன பிறகு, அந்த "ஆருக்கோ" உங்களுக்குள் எங்கே தங்கியிருந்தது வாப்பா? எந்தக் கதவு அதைக் கடைசிவரை மூடாமல் வைத்திருந்தது? நாங்கள் ஒரு மருந்தைச் சொட்டு விட்டு எல்லாச் சுவரையும் இளக்கும்போது, அந்தக் கதவையும் தட்டி மூடிவிட மாட்டோமா? அதைக் கண்டுகொள்ளத்தான் ஒவ்வொரு நாளும் அந்தக் கோட்டின் முன்னால் போய் உட்கார்கிறேன். பயந்தும் இருக்கிறேன், வியந்தும் இருக்கிறேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். நம் வீட்டுக் கத்தம் இனி நம் வீட்டில்தான். உம்மாவின் பெயரையும் உங்கள் பெயரையும் ரோட்டில் போகிறவருக்கும் கேட்கும்படி சொல்லித்தான் ஓதுவோம். உங்களுக்கு வந்தது நாளைக்கு எனக்கும் வரலாம். வந்து, நான் படித்ததெல்லாம் போய், உங்கள் இருவரின் பெயரும் போனாலும், ஏந்திய கையை இறக்க மாட்டேன் வாப்பா.

உங்களுக்கும் சுபைதாவுக்கும் பிறந்த
கடைக்குட்டி மகள்